செருப்பைக் கழற்றச் சொல்லாத சிகிச்சை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 14, உலக நீரிழிவு நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படித்தேன். உணவு, நடைப்பயிற்சி, சிறுநீரகம், விழித்திரை என எல்லாவற்றைப் பற்றியும் பொறுப்போடு எழுதியிருந்தவர்கள், நீரிழிவு கால் நரம்புகளைக் கெடுப்பதைப் பற்றி ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார்கள். கால் மரத்துப்போனால் மருத்துவரை அணுகவும் என்பதே அந்த வரி. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட அந்த வரியில் பெரும் பிழை ஒன்று இருக்கிறது. மரத்துப்போன கால், தான் மரத்துப்போனதைத் தன் உடையவரிடம் சொல்வதில்லை. நீரிழிவால் கால் நரம்பு கெட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு எரிச்சலோ குத்தலோ மதமதப்போ எதுவுமே தோன்றாமல் போகலாம் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. தொந்தரவு தெரிந்த பிறகு வாருங்கள் என்று சொன்னால், அந்தப் பாதிப்பேர் புண்ணோடுதான் வந்து சேர்வார்கள்.

இதைச் சொல்ல எனக்குள்ள உரிமை என்னவென்று தாங்கள் கேட்கலாம். நான் மருத்துவன் அல்லன். பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் தொழுநோய்த் தடுப்புத் திட்டத்தின் களப்பணியாளனாகத் தொடங்கி, அந்தத் திட்டம் பொதுச் சுகாதாரத் துறையோடு இணைக்கப்பட்ட பின் சுகாதாரப் பணியாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி, மனிதர்களின் கை கால்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக் குறித்துவைப்பதிலேயே கழிந்தது. மாட்டுத்தொழுவத்திலும் திண்ணையிலும் பள்ளிக்கூடத்து மரத்தடியிலும் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பாதங்களை என் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், என் சொந்தத் தம்பியின் பாதத்தைப் பதினோரு ஆண்டுகள் பார்க்கத் தவறினேன்.

தம்பிக்கு நீரிழிவு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மாதந்தோறும் தவறாமல் மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்குகிறவர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையை ஒழுங்காகச் செய்துகொள்கிறவர். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணையும் காட்டிவிடுவார். கடந்த சித்திரை முழுநிலவன்று திருவண்ணாமலையில் வழக்கம்போல் வெறுங்காலோடு கிரிவலம் போனார். பதினான்கு கிலோமீட்டர் பாதை. பகல் வெயிலில் காய்ந்த தார்ச்சாலை இரவு ஏறியும் சூட்டை விட்டிருக்கவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் கூடத்துத் தரையில் ஈரமான சிவப்புச் சுவடுகளைப் பார்த்துப் பதறியது அவர் மனைவிதான். வலது பெருவிரலுக்குக் கீழே எட்டணா அகலத்துக்குக் கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது. தம்பியோ அதுவரை அந்தக் காலை ஊன்றித்தான் நடந்துகொண்டிருந்தார்.

செய்தி கேட்டுப் போனவன், புண்ணுக்குக் கட்டுப்போட்டு முடிந்ததும் பழைய பெட்டியிலிருந்து, தோலுணர்ச்சியைச் சோதிக்கும் நைலான் இழையை எடுத்து, அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு பாதங்களிலும் ஒவ்வோர் இடமாகத் தொட்டேன். தொடும்போதெல்லாம் ஆமாம் என்று சொல்ல வேண்டும். முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலில் சரியாகச் சொன்னார். கணுக்காலில் சில இடங்களில் சொன்னார். பாதத்தில் நான் ஏழெட்டு இடங்களைத் தொட்டு முடித்த பிறகும் பேசாமல் இருந்தவர், “இன்னும் ஆரம்பிக்கலையாண்ணா?” என்று கேட்டார். பதினோரு ஆண்டுகளில் எத்தனையோ முறை ஊசி குத்தி இரத்தம் எடுத்திருக்கிறார்களே, ஒரு முறையாவது யாராவது செருப்பைக் கழற்றச் சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் என்று குறிப்பிட்டுக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்க வேண்டிய நிலையில் இருக்கிற மருத்துவர், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலைக் குனிந்து பார்க்க முடியாமல் போவதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் குனிதலுக்கு மருத்துவரே வேண்டும் என்பதில்லை. என்னைப் போன்ற பள்ளியிறுதி படித்த களப்பணியாளர்கள் இதை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கிராமம் கிராமமாகச் செய்திருக்கிறோம். நான் சொல்ல வந்த செய்தி முழுவதும் இதுதான்.

நரம்பு எப்படிக் கெடுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் மிகுந்து நிற்கும் சர்க்கரை நரம்பிழைகளையும், அவற்றுக்கு ஊட்டம் கொண்டுசேர்க்கும் மெல்லிய இரத்தக்குழாய்களையும் ஒருசேரப் பழுதாக்குகிறது. கால்விரல் நுனிக்குச் செல்லும் நரம்பிழையின் உயிரணு முதுகுத்தண்டின் அருகே இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு அந்த இழையைக் காப்பாற்றியாக வேண்டும். ஆகவே மிக நீண்ட இழைதான் முதலில் தளர்கிறது. கால்விரல்களில் தொடங்கி, இரண்டு கால்களிலும் ஒரே சீராக, காலுறை போட்டதுபோல் மேலேறுகிறது. முழங்கால் அளவை நெருங்கும்போது கைவிரல் நுனிகளிலும் தொடங்கலாம். நீரிழிவு நரம்புக் கேட்டை அடையாளம் காண்பதில் இந்த ஒழுங்கே முதல் சான்று. ஒரு காலில் மட்டும் இருந்தாலோ, கையில் தொடங்கினாலோ, உணர்ச்சி இருக்கும்போதே பலம் குறைந்தாலோ, சில வாரங்களில் விரைந்து முற்றினாலோ, சர்க்கரை இருக்கிறது என்பதற்காகப் பழியை அதன்மேல் போட்டுவிட்டு நின்றுவிடக் கூடாது. முதுகுத்தண்டு, வேறு நரம்பு நோய்கள் என்று தேட வேண்டிய இடம் அது. நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும்.

இன்னொன்றையும் என் பழைய தொழிலின் நினைவாகச் சொல்லியாக வேண்டும். தொழுநோய் நம் நாட்டில் முற்றாக ஒழிந்துவிடவில்லை. 2005-ஆம் ஆண்டின் இறுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவுக்கு இறங்கியது, அவ்வளவே. நீரிழிவுக்காரருக்குத் தொழுநோய் வராது என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா, முழங்கைக்குப் பின்னாலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்திலும் நரம்பு கயிறுபோல் தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும். நீரிழிவில் உணர்ச்சி போவது காலுறைபோல் சுற்றிவரப் போகும். தொழுநோயில் திட்டுத்திட்டாக, கெட்டுப்போன நரம்பின் எல்லைக்குள் போகும். இந்த வேறுபாட்டை விரல் நுனியில் வைத்திருந்த ஒரு தலைமுறைப் பணியாளர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறோம்.

நீரிழிவோடு ஒட்டிவரும் வேறு காரணங்களும் உண்டு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டுகள் உட்கொள்பவர்களில் சிலருக்கு பி12 உயிர்ச்சத்து குறைந்து, அதனாலேயே கால் மரத்துப்போகும். இரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துக் குறைவு இருந்தால் ஈடுசெய்யலாம்; அது திருத்தக்கூடிய கேடு. தைராய்டுக் குறைபாடு, சிறுநீரகச் செயலிழப்பு, மதுப்பழக்கம் ஆகியவையும் கணக்கில் வர வேண்டும். ஆனால் நம் ஊர்களில் நடப்பது தலைகீழாக இருக்கிறது. கால் எரிகிறது என்று போனால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதும் இல்லை, பி12 அளவைப் பார்ப்பதும் இல்லை. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வாராவாரம் ஒரு சத்து ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். குறை இருப்பவருக்கு அது மருந்து; குறை இல்லாதவருக்கு அது ஊசி மட்டுமே. காலின் நிலை என்ன என்ற கேள்விக்கு இருவருக்கும் விடை கிடைப்பதில்லை.

அந்தக் கேள்வியே உண்மையில் இரண்டு கேள்விகள். நரம்பு கெடத் தொடங்கிவிட்டதா என்பது ஒன்று. முள் குத்தினாலும் தெரியாத அளவுக்குக் கெட்டுவிட்டதா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் கருவிகள் வேறு. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பல வீண் செலவுகள்.

நரம்பில் மெல்லிய இழைகளும் உண்டு, தடித்த இழைகளும் உண்டு. வலி, சூடு, குளிர்ச்சி ஆகியவற்றை மெல்லிய இழைகள் கடத்துகின்றன. அதிர்வையும் மூட்டின் நிலையையும் தடித்த இழைகள் கடத்துகின்றன. பெரும்பாலோருக்கு எரிச்சலும் குத்தலும் வருவது மெல்லிய இழைகளின் கேட்டால். பணம் கட்டிச் செய்துகொள்ளும் நரம்புக் கடத்தல் பரிசோதனையோ தடித்த இழைகளின் வேகத்தையும் வலிமையையும் மட்டுமே அளக்கும். ஆகவே இரவெல்லாம் பாதம் எரிந்து தூங்காதவருக்குக்கூட அந்தப் பரிசோதனை முடிவு முற்றிலும் இயல்பாக வரலாம். அப்படி வந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, உங்களுக்கு மனக்கவலைதான் என்று சொல்லப்பட்டுக் கலங்கி நின்ற ஒரு பெண்மணியை நான் அறிவேன். மெல்லிய இழைகளை உறுதியாக எண்ணிப் பார்க்கத் தோலில் சிறு துணுக்கு எடுத்து ஆராயும் முறை உண்டு. விழியின் முன்படலத்து நரம்புகளை நுண்நோக்கியால் காணும் முறையும் உண்டு. அவை பெரிய மையங்களுக்கும் ஆராய்ச்சிக்கும் உரியவை. வழக்கமான தோற்றத்தில் இருக்கும் நோயாளிக்கு அவை எவையும் தேவையில்லை என்பதே வழிகாட்டு நெறிகளின் பொதுக் கருத்து. கேட்டறிதலும் தொட்டறிதலும் போதும்.

அந்தத் தொட்டறிதலுக்குத் தேவையானவை ஒரு சிறு பையில் அடங்கும். 128 அதிர்வெண் கொண்ட இசைக்கவையைத் தட்டி, பெருவிரலின் நகத்தை ஒட்டிய எலும்பின் மேல் நிறுத்தி, அதிர்வு தெரிகிறதா, எப்போது நின்றது என்று கேட்க வேண்டும். நோயாளி நின்றுவிட்டது என்று சொன்ன பிறகும் பார்ப்பவரின் விரலில் அதிர்வு நெடுநேரம் தெரிந்தால், கேடு இருக்கிறது என்று பொருள். ஊசி முனையா மழுங்கல் முனையா என்று கண்ணை மூடிச் சொல்லச் செய்வதும், குளிர்ந்த உலோகத்தைத் தொட்டுக் கேட்பதும் மெல்லிய இழைகளுக்கான சோதனை. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரைச் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ள வேண்டும். முதியவர்களில் நோயில்லாமலேயே அது குறையலாம் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 2009-இல் டொரண்டோவில் கூடிய வல்லுநர் குழு வகுத்த வரையறையும் இந்த வழியில்தான் செல்கிறது. தொந்தரவு, உணர்ச்சிக் குறைவு, துள்ளல் குறைவு ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டு இருந்தால் நரம்புக் கேடு இருப்பதாகவே பெரும்பாலும் கொள்ளலாம். அதை ஐயமற உறுதிசெய்ய வேண்டுமானால்தான் கடத்தல் பரிசோதனை.

இரண்டாவது கேள்விக்கு விடை தருவது பத்து கிராம் நைலான் இழை. தோலின் மேல் செங்குத்தாக வைத்து அழுத்தினால், பத்து கிராம் விசை எட்டியதும் அது வளைந்துவிடும். அதற்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் விசை ஏறாது. யார் கையில் இருந்தாலும் அது ஒரே அளவுதான் அழுத்தும் என்பதே அதன் சிறப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபான் ஃப்ரை என்ற ஜெர்மானிய அறிஞர் குதிரைமுடியைக் கொண்டு தோலுணர்ச்சியை அளந்ததில் தொடங்கி, பின்னர் மூளைக்காயம் பட்ட போர்வீரர்களை ஆராய்ந்த செம்ஸும் வைன்ஸ்டைனும் நைலான் இழைகளாக வளர்த்தெடுத்த கருவி இது. இந்தப் பத்து கிராம் என்ற அளவு எங்கிருந்து வந்தது என்பது நம் பகுதிக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு.

1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை என்பதையும், வலி தெரியாததால் படும் சூடும் அழுத்தமும் கவனிக்கப்படாத காயமும்தான் அவற்றைத் தின்கின்றன என்பதையும் பொறுமையாக நிறுவினார். வேலூரிலும் அதன் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அவரும் அவரோடு உழைத்தவர்களும், பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பிவிடும் மென்மையான நுண்துளை ரப்பரைக் கொண்டு செருப்புச் செய்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று எங்கள் நோயாளிகள் உரிமையோடு கேட்டு வாங்கிய செருப்பு அது. 1966-இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, நீரிழிவுக்காரர்களின் பாதப்புண்ணும் இதே கதைதான் என்று கண்டு, வேலூரில் கற்றதை அவர்களுக்குப் பொருத்தினார். அதே கார்விலில் ஆய்வாளர்கள் தொழுநோயாளிகளையும் நீரிழிவுக்காரர்களையும் சோதித்து, பத்து கிராம் இழையை உணரும் பாதத்தில் புண் வருவதில்லை, உணராத பாதத்தில்தான் வருகிறது என்று கண்டு 1986-இல் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் நீரிழிவு மையங்களில் கையாளப்படும் அளவுகோலின் வேர் தொழுநோய்ப் பணியில் இருக்கிறது. அந்தப் பணியின் ஊற்றுகளில் ஒன்று வேலூர். அதே வேலூருக்குப் பக்கத்து ஊரில் வாழும் என் தம்பியின் பாதத்தை அந்த இழை தொடுவதற்குப் பதினோரு ஆண்டுகளும் ஒரு புண்ணும் தேவைப்பட்டன.

இழையைக் கையாள்வதிலும் முறை இருக்கிறது. முதலில் கையிலோ நெற்றியிலோ தொட்டு, உணர்ச்சி எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலின் அடிப்பாகத்திலும், முன்பாதத்தில் முதல், மூன்றாம், ஐந்தாம் விரல்களின் அடியில் இருக்கும் மேட்டிலும் தொட வேண்டும். காய்ப்பு இருக்கும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். ஓரிரு விநாடிகளுக்குமேல் வைத்திருக்கக் கூடாது. தோலில் இழுக்கக் கூடாது. சில முறை தொடாமலேயே தெரிகிறதா என்று கேட்டு, ஊகித்துச் சொல்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். ஓர் இழையைத் தொடர்ந்து பத்துப் பேருக்குமேல் பயன்படுத்தினால் அது களைத்துப்போய் விசை குறையும். ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் மீளும். இவ்வளவையும் ஒரு முற்பகலில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

அதே சமயம், இழையை உணர்ந்துவிட்டார் என்பதாலேயே நரம்பு நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்வது தவறு. கேடு நெடுந்தூரம் போன பிறகுதான் பத்து கிராம் தெரியாமல் போகும். அதனால்தான் அதோடு இசைக்கவையோ ஊசிமுனைச் சோதனையோ சேர்ந்தே இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

முகாம்களில் இப்போது பரவலாகக் காணப்படும் பயோதீசியோமீட்டர் பற்றியும் ஒரு சொல். அதிர்வை வோல்ட் கணக்கில் 0 முதல் 50 வரை படிப்படியாகக் கூட்டி, எந்த அளவில் தெரிகிறது என்று பார்க்கும் கருவி அது. 25 வோல்ட்டுக்குமேல் போனால்தான் தெரிகிறது என்றால் புண் வரும் ஆபத்து மிகுதி என்பது ஏற்கப்பட்ட கணக்கு. நல்ல கருவி, எண்ணாகக் குறித்து ஆண்டுக்காண்டு ஒப்பிடலாம். ஆனால் நான் பார்த்த இரண்டு முகாம்களில், வண்ண வண்ணமாக அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து, மருந்துச் சீட்டையும் எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். அந்த எண்ணின் பொருள் என்ன, இனி எந்தச் செருப்புப் போட வேண்டும், அடுத்து எப்போது வர வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நோயாளியின் வாழ்க்கையில் எதையும் மாற்றாத சோதனை எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன பயன்?

நரம்புக் கேடு என்பது பாதத்தோடு நிற்பதும் இல்லை. இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், குடல், சிறுநீர்ப்பை, வியர்வை ஆகியவற்றை நாம் அறியாமலே நடத்தும் தன்னியக்க நரம்புகளும் கெடுகின்றன. படுக்கவைத்து இரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மீண்டும் பார்த்தால், மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இருக்கும் இரத்த அழுத்தமானி போதும். எழுந்தால் தலைசுற்றுகிறது என்று சொல்லும் முதியவருக்கு அழுத்த மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதே இந்தச் சோதனையில் மாறிவிடும். இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுவது, சாப்பிடும்போது முகம் மட்டும் வியர்த்துக்கொட்டுவது, சிறுநீர் முழுதாக வெளியேறாமை, ஆண்களின் விறைப்புக் குறைவு ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும். கூச்சத்தால் நோயாளி தாமாகச் சொல்ல மாட்டார். மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வந்து போவதும் இவர்களிடம் நேர்கிறது. பாதத்தில் வியர்வை வற்றித் தோல் காய்ந்து வெடிப்பதை நம் மக்கள் பித்தவெடிப்பு என்று சொல்லி எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். நீரிழிவுக்காரரின் பாதத்தில் அது நரம்பு கெட்டதன் அறிவிப்பாகவும், கிருமி நுழையும் வாசலாகவும் இருக்கக்கூடும்.

இருவகை ஏமாற்றங்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் எரிந்த பாதம் மெல்ல மெல்ல எரிவது நின்றால், குணமாகிவிட்டது என்று மகிழ்கிறார்கள். சர்க்கரை கட்டுப்பட்டு நின்றிருந்தால் நல்லதே. ஆனால் எரிச்சலைச் சொல்லிக்கொண்டிருந்த இழைகளும் மடிந்துவிட்டதால் நின்றிருக்கவும் கூடும். தொட்டுப் பார்த்தால்தான் எது என்று தெரியும். மற்றது, ஒரு பாதம் திடீரெனச் சிவந்து வீங்கிச் சூடாக இருக்கும், வலி அவ்வளவாக இருக்காது, புண்ணும் இருக்காது. சீழ் கட்டுகிறது என்றோ சுளுக்கு என்றோ எண்ணித் தைலம் தேய்த்து, அதே காலோடு வேலைக்குப் போவார்கள். உணர்ச்சியற்ற பாதத்தின் எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கும் ஷார்கோ பாதமாக அது இருக்கலாம். இரண்டு பாதங்களின் மேலும் புறங்கையை மாற்றி மாற்றி வைத்து, ஒன்று மட்டும் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை. உடனே மாவுக்கட்டுப் போட்டு எடையை இறக்கினால் பாதத்தின் வடிவம் காப்பாற்றப்படும்; தாமதித்தால் உள்ளங்கால் படகுபோல் புடைத்துவிடும்.

கண்டுபிடித்து என்ன பயன், நரம்பு திரும்பவா போகிறது என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். தொழுநோயில் உணர்ச்சி போய் ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்துவிட்டால் பிரெட்னிசலோன் கொடுத்துப் பலருக்கு மீட்டிருக்கிறோம். நீரிழிவில் இழந்த உணர்ச்சியை மீட்டுத்தரும் மருந்து இன்று இல்லை. பிரிகாபலின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் போன்றவை வலியைக் குறைக்கும், நரம்பைச் சரிசெய்யாது. முதல் வகை நீரிழிவில் சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தினால் நரம்புக் கேடு வருவது அறுபது விழுக்காடு குறைகிறது என்று 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நம்மிடையே மிகுதியாக உள்ள இரண்டாம் வகையில் பயன் அதைவிடக் குறைவே. ஆனாலும் காலைக் காப்பாற்றலாம். பன்னாட்டு வழிகாட்டு நெறி, உணர்ச்சியும் இரத்தஓட்டமும் நன்றாக உள்ளவரை ஆண்டுக்கு ஒருமுறையும், காயத்தை உணர்த்திப் பாதத்தைக் காக்கும் உணர்ச்சியான காப்புணர்ச்சி போனவரை ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஒருமுறையும், அதோடு இரத்தஓட்டக் குறைவோ பாத வடிவக் கேடோ சேர்ந்தவரை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளும், முன்பே புண் வந்தவரை ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள்ளும் பார்க்கச் சொல்கிறது. எவரை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தொடுதலே. எந்தப் பாதத்துக்கு எம்.சி.ஆர். செருப்பு, எவர் தீ மிதிக்கக் கூடாது, எவர் பழனிக்குப் பாதயாத்திரை போகும்போது காலுறையும் மூடிய காலணியும் அணிய வேண்டும், கோயில் சுற்றுப் பிரகாரத்தை நண்பகலில் எவர் சுற்றக் கூடாது என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும். வேண்டுதலை விடச் சொல்லவில்லை. விடியற்காலையில் நிறைவேற்றச் சொல்கிறேன்.

எத்தனை பேருக்கு இது தேவை என்பதற்கும் கணக்கு உண்டு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இன்டியாப்’ (INDIAB) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் அது வயது வந்தோரில் 14.4 விழுக்காடு. சென்னை நகரத்தில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வு, நீரிழிவுக்காரர்களில் 26 விழுக்காட்டினருக்கு நரம்புக் கேடு இருப்பதைக் கண்டது. இதில் என்னை உறுத்துவது, நீரிழிவு அப்போதுதான் கண்டறியப்பட்டவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது ஏற்கெனவே இருந்தது என்பதுதான். இரண்டாம் வகை நீரிழிவு தெரியவந்த முதல் நாளே பாதத்தைப் பார்க்க வேண்டும், முதல் வகையில் ஐந்தாம் ஆண்டிலிருந்து பார்க்க வேண்டும், பின் ஆண்டுதோறும் தவறக் கூடாது என்று நெறிகள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

நமது அரசு இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று மாத்திரை கொடுக்கிறார்கள். பாதம் பாதுகாப்போம் என்ற பெயரிலேயே ஒரு திட்டம் வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. என் வேண்டுகோள், அந்தப் பாதுகாப்பு மருத்துவமனை மேசையில் மட்டும் இல்லாமல், மாத்திரை கொடுக்க வரும் அந்தச் சகோதரியின் பையிலும் இருக்க வேண்டும் என்பது. அவர் பையில் ஒரு பத்து கிராம் இழையும், நோயாளியின் குறிப்பேட்டில் இரண்டு பாதங்களின் படம் அச்சிட்ட ஒரு பக்கமும் போதும். நாங்கள் வைத்திருந்த அட்டையில் அந்தப் படம் இருந்தது. தொட்ட இடத்தில் தெரிந்தால் சரிக்குறி, தெரியாவிட்டால் பெருக்கல் குறி. போன முறை சரிக்குறி இருந்த இடத்தில் இந்த முறை பெருக்கல் குறி விழுந்தால், அன்றைக்கே மேற்பார்வையாளருக்குத் தகவல் போகும். அந்த அட்டை பேசியது. இன்றைய சர்க்கரைக் குறிப்பேட்டில் எண்கள் மட்டுமே இருக்கின்றன. பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுவின் பின்னாலும் நாடித்துடிப்பு கிடைக்கிறதா என்று பார்க்கவும் அவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். உணர்ச்சியும் இரத்தஓட்டமும் ஒருசேரக் குறைந்த காலே விரைவில் இழக்கப்படுவது.

தம்பியின் புண் ஆற நான்கரை மாதங்கள் ஆயின. விரல் தப்பியது. இப்போது எம்.சி.ஆர். செருப்பு அணிகிறார், இரவில் படுக்கும் முன் அவர் மனைவி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துக் காட்டுகிறார், செருப்புக்குள் கையை விட்டு ஆணியோ கல்லோ இருக்கிறதா என்று பார்த்த பிறகே காலை நுழைக்கிறார்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். இழை இல்லாத வீட்டிலும் செய்யக்கூடிய ஒரு சோதனையை இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011-இல் சோதித்து வெளியிட்டார்கள். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, வீட்டார் ஒருவர் தம் சுட்டுவிரல் நுனியால் வலது காலின் பெருவிரல், சுண்டுவிரல் நுனிகளையும், பின் இடது காலின் பெருவிரல், சுண்டுவிரல் நுனிகளையும், அதன்பின் இரண்டு கால்களின் நடுவிரல் நுனிகளையும், அழுத்தாமல், தட்டாமல், தடவாமல், ஒன்றிரண்டு விநாடிகள் மட்டும் தொட வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், காப்புணர்ச்சி போய்விட்டதாகக் கருதி மருத்துவரிடம் காட்ட வேண்டும். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் இரண்டு பாதங்களைப் படமாக வரைந்து, அந்த ஆறு விரல் நுனிகளிலும் ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்டு, வெட்டிச் சுவரில் ஒட்டிவைக்கும் அளவில் ஒருமுறை அச்சிட்டுத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். படம் வரைவதற்கு எங்கள் பழைய தொழுநோய் அட்டை ஒன்று என்னிடம் பத்திரமாக இருக்கிறது, தேவைப்பட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
ஓய்வுபெற்ற தொழுநோய்த் தடுப்புக் களப்பணியாளன்,
வேலூர் மாவட்டம்.